நெகிழிகள் ஏன் கலப்பதில்லை?

கனிமநீர்ப் புட்டி ஒன்றின் உடற்பகுதியிலிருந்து ஒரு துண்டையும் மூடியிலிருந்து ஒரு துண்டையும் வெட்டித் தண்ணீரில் போடுங்கள். இரண்டையும் விரலால் அமுக்கிவிடுங்கள். உடற்பகுதி மூழ்கும், மூடி மேலே வந்து மிதக்கும். புட்டி ‘பெட்’ என்னும் நெகிழியால் ஆனது. மூடியோ பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனது. பெர்மாஸ் ஜெயாவை அடுத்துள்ள பாசிர் கூடாங்கில் இவ்விரண்டையும் தயாரிக்கும் ஆலைகள் உண்டு. ஆலையில் தனித்தனியாகப் பிறக்கும் நெகிழிகள் நம் வீட்டுக் குப்பைத் தொட்டியில் ஒன்றுசேர்கின்றன. அவற்றை அப்படியே சேர்த்து உருக்கினால் என்ன?

உருக்கலாம். ஆனால், பெரும்பாலும் எளிதில் உடையும் பொருளே கிடைக்கும். நெகிழி என்பது பாலிமர். அதாவது, ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கோத்த நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலி. திடலில் தனித்தனியே நிற்கும் மாணவர்கள் எளிதில் கலந்துவிடுவர். ஆயிரம் பேர் கைகோத்து நின்றால் அவ்வாறு கலக்க முடியுமா? அதோடு, ஒவ்வொரு கண்ணியும் தன் இனத்தையே சற்றுக் கூடுதலாக ஈர்க்கிறது. அந்தச் சிறு வேறுபாடு சங்கிலி முழுவதும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. அதனால் ஒரு நெகிழி மற்றொன்றினுள் துளித்துளியாகப் பிரிந்து நிற்கும். ஆறி இறுகியபின் அத்துளிகளின் விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும்கூட ஒன்றோடொன்று முழுமையாகக் கலப்பதில்லை.

ஈர்ப்பை மாற்றினால் கதை மாறும். நம் முன்னோர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிச் சேர்த்த ரப்பரும் ஒரு பாலிமர்தான். இயற்கை ரப்பர் பிவிசி நெகிழியோடு கலக்காது. ஆனால், ரப்பர்ச் சங்கிலியின் கண்ணிகளில் ஏறத்தாழப் பாதியில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றிவிட்டால், அது பிவிசியின் ஹைட்ரஜனை ஈர்க்கிறது. இரண்டும் ஒரே பொருளாகக் கலந்துவிடுகின்றன. இவ்வாறு ஆக்சிஜன் ஏற்றிய ரப்பரை மலேசிய ரப்பர் வாரியம் ‘எக்கோபிரேனா’ என்று பெயரிட்டுள்ளது.

கலக்காத நெகிழிகளை இணைக்க வேறொரு வழியும் உண்டு. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே சவர்க்காரம் நிற்பதுபோல, ஒரு முனை ஒன்றையும் மறுமுனை மற்றொன்றையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூற்றைச் சிறிதளவு சேர்ப்பார்கள். துளிகள் சிறுத்து, விளிம்பும் வலுப்பெறும். ஆயினும், ஒவ்வோர் இணைக்கும் ஏற்ற மூலக்கூறு தேவை, செலவும் கூடும். தொட்டியில் எந்த நெகிழி எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாதபோது எதைச் சேர்ப்பது?

ஜொகூர் உட்படச் சில மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. வீட்டில் பிரித்த நெகிழியை மறுசுழற்சி ஆலைகள் மேலும் வகை பிரிக்கின்றன. புட்டிகளை நறுக்கி நீரில் இட்டால் மூடித் துண்டுகள் மிதக்க, ‘பெட்’ அடியில் தங்கும். நீங்கள் கிண்ணத்தில் பார்த்ததும் அதுவே.