கைப்பொருள் குறைந்த காலத்துப் பணயம்

வில்லிபாரதத்துச் சூதுபோர்ச் சருக்கத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருகிறேன். நாடும் நகரும் தோற்றபின் எஞ்சியதையும் தருமன் ஏன் பணயமாக வைத்தான் என்று எவரேனும் வினவினால், விதி என்று சொல்லிவிடுவேன். அல்லது இழக்குந்தோறும் ஆசை பெருகுவதே சூதின் இயல்பு என்னும் கருத்தமைந்த, சூது அதிகாரத்தின் ஈற்றுக் குறளைக் காட்டிவிடுவேன். அவ்விடை எனக்கு நெடுங்காலம் போதியதாயிருந்தது. முன்னாள் மாணாக்கர் ஒருவர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வட்டக்கச்சி வந்தபொழுதுதான் அது ஆட்டங்கண்டது.

அவர் அந்நாட்டிலே ஓய்வுநாட்களில் போக்கர் என்னும் சீட்டாட்டப் போட்டிகளுக்குச் செல்கின்றவராம். கேட்டதும் ஆசிரியருக்குரிய கண்டிப்போடு, தூண்டில் முள்ளை விழுங்கும் மீனின் உவமையைத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டிருந்து, "ஐயா, பத்துக் குறளையும் நீங்கள் படிப்பித்தபடியே ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் தருமர் பிழைவிட்ட இடம் நீங்கள் சொன்ன இடம் அல்ல" என்றார். பின்பு கொப்பி ஒன்றை வாங்கிக் கணக்கு எழுதத் தொடங்கினார்.

நம்மூரார் விறாந்தையிலே ஆடும் முந்நூற்றுநாலு ஆட்டத்தில் கடதாசிகளின் பெறுமதியைக் கூட்டினால் 304 வரும். பெயரும் அதனால் வந்ததே. அங்கே கையில் விழுந்த கடதாசிதான் பெரிது. போக்கரிலோ முன்னே வைக்கும் பணயமும் ஒரு சீட்டுப்போல வேலை செய்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. பின்னர் எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுத் திறக்கப்படும். சீட்டைப் பாராமலே இருவர் முறைவைத்து ஒரு தொகை இட்டாகவேண்டும். குருட்டுப் பணயம் என்னலாம். போட்டி நீளநீள அத்தொகை ஏறும். ஆகவே ஒன்றும் செய்யாது வாளாவிருப்பவனுடைய குவியலும் தேய்ந்துகொண்டே போகும்.

குருட்டுப் பணயம் 100, 200 என்று இருவர் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னிருந்தோர் எல்லாரும் சீட்டை மடக்கிவிட்டனர். என்னிடம் 1200 மாத்திரமே உண்டு. பொதுச்சீட்டுத் திறக்குமுன்பே அவ்வளவையும் நடுவே தள்ளிவிடுகிறேன். பத்து முறையில் ஆறுமுறை இருவரும் அஞ்சி மடக்கினால், முறைக்கு 300ஆக 1800 எனக்கு வரவு. எஞ்சிய நான்கு முறையும் 200 வைத்தவர் எதிர்த்து நிற்கிறார் என்போம். அப்பொழுது நடுவில் இருப்பது 2500. அதில் நான் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 35தான். சராசரியாக 875 திரும்பும், 325 நட்டம். நான்கு முறைக்கு 1300. வரவிற் கழித்தால் 500 மிச்சம். எதிர்த்தவனிலும் என் சீட்டு மெலிந்ததாயிருந்தும் கணக்கு எனக்கே சாதகமாகிறது! அவர்கள் ஐந்து முறைதான் மடக்குவார்கள் என்றால் 125 நட்டமாகிவிடும். ஆக, இங்கே ஆதாயம் மற்றவன் விலகுவதில் இருக்கிறது.

அதனாலேயே மிகவும் தேயும்வரை காத்திருத்தல் கூடாதாம். குவியல் 300 ஆகிவிட்டால், 200 வைத்தவர் இன்னும் 100 போட்டால் போதும். எந்தச் சீட்டோடும் எதிர்ப்பார். அச்சுறுத்தும் ஆற்றல் பொருளோடு போய்விடுகிறது. ஒரு சுற்றுக்குச் செல்லும் கட்டாயச் செலவால் குவியலை வகுத்து வரும் எண்ணை, போல் மக்ரீல் என்னும் கணித அறிஞரின் பெயரால் 'எம்' என்கிறார்கள். டான் ஹரிங்டன் என்பார் 2005இல் வந்த தம் நூலில் இதனை விரித்து, அவ்வெண் ஐந்துக்குக் கீழே இறங்கினால் முழுவதையும் தள்ளுவது அல்லது மடக்குவது என்னும் இரண்டே வழிதான் என்கிறார். 1982இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் என்பவர் ஒற்றை வில்லையிலிருந்து மீண்டு முதற்பரிசு பெற்றார். அதை எல்லாரும் சொல்லுவார்கள். ஒற்றை வில்லையோடு எழுந்துபோன ஆயிரம் பேரை யார் சொல்லுவார்?

கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும். காலபோக மழை பிந்திவிட்டது. மூன்று ஏக்கருக்கும் வைத்திருந்த விதைநெல், கிழமைக்குக் கிழமை உரலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு கிழமை பொறுத்தால் ஓர் ஏக்கருக்கே விதை மிஞ்சும், அவ்விளைச்சல் கடனுக்கும் காணாது என்று கண்டு, அவர் ஒரே நாளில் முழுவதையும் புழுதி விதைப்பாக விதைத்துவிட்டார். மழை வந்தது, கார்த்திகையில் வெள்ளமும் வந்து இரண்டு ஏக்கரை அழித்தது. அம்மாவின் நகை அடைவுக்குப் போயிற்று. "விதைச்சது பிழையில்லை. என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்று அம்மா பிற்காலத்தில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

இனித் தருமனுக்கு வருவோம். கவறு உருட்டும் ஆட்டத்தில் எதிரி அஞ்சி மடக்குதல் என்பதே இல்லை. எவ்வளவு பெரிய பணயமும் சகுனியை விலகச் செய்யாது. காயும் அவன் வசம். தருமனிடம் எஞ்சிய பொருளுக்கு எந்த வலிமையும் இல்லை. முதல் எறிவின்போதே இல்லை. இரண்டாவது வேற்றுமை இன்னும் பெரிது. போட்டிப் போக்கரில் முழுவதும் தள்ளித் தோற்றவன் இழப்பது வாயிலிற் கட்டிய நுழைவுப் பணத்தையே. அதற்கப்பால் ஒரு சுவர் உண்டு. தருமன் ஆடிய மண்டபத்தில் அச்சுவர் இல்லை. தம்பியர், தான், பின்பு திரௌபதி. தன்னைத் தோற்றவன் என்னைத் தோற்க உரிமையுடையவனோ என்று அவள் வினவியது அச்சுவரைப் பற்றிய வினாவே அன்றோ? கைத்தொலைபேசியில் நள்ளிரவில் மறுபடி மறுபடி பணங்கட்டி உள்நுழையும் இளைஞனுக்கும் சுவர் இல்லை. 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களைத் தடைசெய்ததும் இதுபற்றியே. என் மாணாக்கரும் இதை மறுக்கவில்லை. தாம் ஒரு போட்டிக்கு ஒருமுறையே கட்டுவதாகச் சொன்னார்.

நளனைப் பாருங்கள். வடமொழிப் பாரதத்து வனபருவத்தில், எல்லாம் தோற்றபின் தமயந்தியைப் பணயம் வை என்கிறான் புட்கரன். நளன் வாய்திறவாது எழுந்து ஒற்றையாடையோடு வெளியேறுகிறான். பின்பு இருதுபன்னன் தான்றிமரத்தின் இரு கிளைகளில் 2095 காய் உண்டென்று எண்ணாமலே சொல்ல, அவ்வெண்ணறிவைத் தன் பரிநூலறிவுக்கு மாற்றாகப் பெறுகிறான். தான்றிக்காயே அந்நாளிற் கவறாக உருண்டது. நிகழ்தகவு வரலாற்றை 1975இல் எழுதிய இயன் ஹாக்கிங் இக்கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். அறிவு பெற்று மீண்ட நளன், உள்ளதனைத்தையும் ஒரே எறிவில் வைத்து நாட்டை மீட்கிறான்.

இதை வகுப்பிற் சொன்னபொழுது பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, அந்த அனைத்திலும் தமயந்தி இருந்தாளா?" என்று கேட்டாள். மூலத்தில் இருக்கிறாள், பெயர் சொல்லியே நளன் அவளைப் பணயமாக வைக்கிறான். ஆம் என்றேன். "அவளைக் கேட்டானா?" என்றாள். மணி அடித்துவிட்டது. வரும் கிழமை அப்பகுதியை மீண்டும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.