பெயின்ட்டுக்குப் பின்னால் ஒரு வேட்டை

கதவு திறந்ததும் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் முதல் சட்டம். "கடற்காத்து நேரா ஹோலுக்குள்ள வரும் சேர்..." என்று புரோக்கர் தொடங்கினாரோ இல்லையோ, எஞ்சினியரின் கை உயர்ந்துவிடும். வாசற்படியில் நின்றபடியே கண்ணை மூடி ஒரு மூச்சு. தலையைச் சற்றுச் சாய்த்து இன்னொரு மூச்சு. பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டால் வெள்ளவத்தை புரோக்கர்மாருக்கு வயிற்றைக் கலக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் இந்த அவசரம் என்றால், மூக்கு ஒரு சோம்பேறி. எந்த மணமும் சில நிமிடங்களில் அதற்குப் பழகிப்போகும். பிறகு பூஞ்சணக் கிடங்குக்குள் நின்றாலும் ஒன்றும் சொல்லாது. ஆனால் அந்த முதல் சில விநாடிகளில் அதை வெல்வது எந்தக் கருவிக்கும் கடினம். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழுகிறதே, அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற சேர்மம் இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். ஈரச் சுவரில் குடியேறும் நுண்ணுயிர்கள் சிலவும் அதே சேர்மத்தைத்தான் விடுகின்றன. சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் தூக்கலாக இருக்கும் வீடா? எஞ்சினியருக்கு இன்னும் குஷி. "வாசம் காட்டுற வீட்டிலதான் எதையோ மறைக்கினம்" என்பார்.

அவர் கட்டடப் பொறியியலாளர். வெள்ளவத்தையில் பிளட் வாங்கப் போகிறவர்களும் கொட்டாஞ்சேனையில் பழைய வீடு வாங்கப் போகிறவர்களும் முற்பணம் கொடுப்பதற்கு முன் அவரைக் கூட்டிப்போகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காதாம். பூஞ்சணம் பார்ப்பதற்கென்றே தனிப் பலகை மாட்டியவரைக் கொழும்பில் நான் கண்டதில்லை. இவரைப் போன்ற எஞ்சினியர்மாரும் கட்டடக் கலைஞர்களும்தான் பக்க வேலையாக இதைச் செய்கிறார்கள். கோடிக்கணக்கில் கொடுத்து வீடு வாங்கும் நம்மவர்கள் லோயரிடம் முப்பது வருட உறுதிகளைத் தோண்டச் சொல்வார்கள், வாஸ்து பார்ப்பார்கள், நல்ல நாள் பார்ப்பார்கள். அலுமாரியை ஒரு சாண் இழுத்து அதன் பின்னால் பார்ப்பவரை மட்டும் காணமுடியாது!

சரி, நானும் கூடப்போன வெள்ளவத்தை பிளட்டில் அவர் திறந்த பைக்குள் என்ன? எனக்கு அதுதான் ஆவல். முதலில் வந்தது ஒரு சாதாரண ரோர்ச். ஏமாந்துபோனேன். ஆனால் அவர் அதைச் சுவருக்கு நேரே பிடிக்கவில்லை. சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். சற்று முன்வரை பளிங்குபோல் தெரிந்த வெள்ளைச் சுவரில் திடீரென்று மேடும் பள்ளமும், பெயின்ட்டின் கீழ் சின்னச் சின்னக் கொப்புளங்களும், புட்டி பூசிய ஓரங்களும் நிழல் விட்டு எழுந்து நின்றன. கத்தாத குறை! "முழு வீடும் புதுப் பெயின்ட் எண்டால் பரவாயில்லை. நாலு சுவரில ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் எண்டால் அந்தச் சுவரோடதான் நான் கதைப்பன்" என்றார்.

அடுத்தது ஈரமானி. இரண்டு ஊசிகள் உள்ள கைபேசி அளவுக் கருவி. ஊசியைச் சுவரில் குத்தினால் இரண்டுக்கும் இடையே மின்சாரம் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஈரத்தைச் சொல்லும். யன்னலோரச் சுவரில் எண் கிடுகிடுவென்று ஏறியது. நான் "ஆஹா!" என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார். மரைன் டிரைவ் பக்கத்துச் சுவர்களில் கடலுப்பு ஊறியிருக்கும். உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே காய்ந்த சுவரையும் மீட்டர் ஈரச்சுவர் என்று சொல்லிவிடும். சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் காட்டி இது பூஞ்சணமா என்று கேட்டேன். ஒரு போத்தலிலிருந்து தண்ணீர் தெளித்தார். கரைந்து மறைந்தது. உப்புப் பூத்தது. பூஞ்சணம் கரையாது, இழுபடும். கறுப்புப் புள்ளி அழுக்கா பூஞ்சணமா என்ற சந்தேகத்துக்கு ஒரு துளி பிளீச்: சற்று நேரத்தில் வெளுத்தால் பூஞ்சணம், கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் அழுக்கு.

பிறகுதான் கதாநாயகன் வந்தான்: வெப்பக் கமரா. திரையில் வீடு முழுவதும் செம்மஞ்சளும் ஊதாவுமாகக் குழைந்து கிடந்தது. என் கைத்தடம் பதிந்த சுவரில் அந்தக் கை சில விநாடிகள் ஒளிர்ந்துகொண்டே நின்றது. எஞ்சினியர் கடுப்பாகும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். ஈரம் ஆவியாகும்போது சுவர் குளிரும், அதனால் ஈரமான இடம் ஊதாவாகத் தெரியும். ஆனால் கமரா காட்டுவது குளிரைத்தான், தண்ணீரை அல்ல. குளிர்ந்த இடமெல்லாம் ஈர இடம் என்று அறிக்கை எழுதுபவரிடம் காசு கொடுக்காதீர்கள் என்பது அவர் கட்டளை.

அந்தக் கட்டளை ஏன் என்பது அடுத்த அறையில் புரிந்தது. ஹோலில் ஒரு பெரிய தேக்கு அலுமாரி. இழுத்தோம். பின்னால் சுவர் முழுவதும் பச்சையும் கறுப்புமாக வட்டம் வட்டமாகப் பூஞ்சணம்! வீட்டுக்காரர் உடனே கடலைக் குற்றம் சாட்டினார். புரோக்கர் மேல் வீட்டைக் குற்றம் சாட்டினார். அந்தச் சுவருக்குள் குழாயே இல்லை, மேலேயும் குளியலறை இல்லை. எஞ்சினியர் ஒன்றும் பேசாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அங்கே படுக்கையறை. ஏசி 18 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது.

குற்றவாளி வெயிலும் மழையும் இல்லை, குளிர்! கொழும்பில் வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 75 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது இங்கே சாதாரண நாள். அந்தக் காற்று 25 பாகைக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே துளிர்க்கத் தொடங்கும். ஏசி அறையின் மெல்லிய சுவர் மறுபக்கம்வரை குளிரைக் கடத்துகிறது. திறந்த சுவரென்றால் ஹோல் காற்று பட்டு அது கொஞ்சம் சூடாகியிருக்கும். அலுமாரி அந்தக் காற்றையும் தடுத்து, சுவரை இன்னும் குளிரவிட்டு, பூஞ்சணத்துக்கு இருட்டும் ஈரமும் ஒன்றாகக் கொடுத்துவிட்டது. சொட்டாக நீர் நிற்கக்கூடத் தேவையில்லை. சுவரின் மேற்பரப்பில் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும். மருந்து என்ன? ஏசியை 25, 26இல் வைப்பது, அலுமாரியை அரை அடி தள்ளி வைப்பது. வீட்டுக்காரர் நம்பவே இல்லை. கடலைக் குற்றம் சொல்வது அவருக்கு வசதியாக இருந்தது.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வீட்டு ஈரப்பதனை 60 வீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30க்கும் 50க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்கிறது. வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை கொட்டும் கொழும்பில், யன்னலைத் திறந்தாலே அந்த எண் பறந்துவிடும். ஆனால் அதே முகவரகம் சொல்லும் இன்னொன்று இங்கும் அப்படியே பொருந்தும்: நனைந்தது எதுவானாலும் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்தால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது.

காற்றை உறிஞ்சி வித்துகளை எண்ணும் பம்ப்? அது காரின் பின்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது! நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் ஐந்து நிமிடம் உறிஞ்சி, ஒட்டும் கண்ணாடித் தகட்டில் வித்துகளைப் பிடித்து, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியால் எண்ணுவார்கள். ஒப்பிட வெளியிலும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். கேட்க ஜோர். ஆனால் எத்தனை வித்து வரை பாதுகாப்பு என்று உலகில் ஒப்புக்கொண்ட அளவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரமும் பூஞ்சணமும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியும் எண் எதையும் தரவில்லை. ஈரமான வீட்டில் இழுப்பும் சுவாச நோயும் கூடும், ஆகவே ஈரத்தைத் தடுங்கள் என்பதோடு நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்குப் பரிசோதனையே பெரும்பாலும் தேவையில்லை என்பது அமெரிக்க முகவரகத்தின் நிலைப்பாடு. "நான் தேடுறது பூஞ்சணம் இல்லை, தண்ணி வாற பாதை" என்று எஞ்சினியர் சொன்னபோது அந்தப் பம்ப் மேல் எனக்கிருந்த காதல் போய்விட்டது.

இந்தப் பூஞ்சணப் பித்து அமெரிக்காவில் எந்த அளவுக்குப் போனது என்றால், தொலைக்காட்சிப் பிரபலம் எட் மக்மேன் தன் வீட்டுப் பூஞ்சணம் தன்னை நோயாளியாக்கியது, தன் நாயையும் கொன்றது என்று வழக்குப் போட்டு, 2003இல் 70 இலட்சம் டொலருக்கு மேல் வாங்கி இணங்கினார். நாயின் பெயர் மஃபின். டெக்சாஸ், புளோரிடா மாநிலங்களில் இந்த வேலைக்கு உரிமம் வேண்டும்; பரிசோதிப்பவரே அதே வேலையில் துப்புரவும் செய்யக் கூடாது. அந்த விதியை மட்டும் இங்கே இறக்குமதி செய்யலாம். "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று வரும் வோட்டர் புரூபிங்காரர் ஒருநாளும் "உங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று சொல்லமாட்டார்.

கொட்டாஞ்சேனை வேறு உலகம். ஜம்பட்டா வீதிப் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள். கபொக் கல்லும் சுண்ணாம்பும். பக்கத்திலே கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் நிற்கிறது. கருங்கல் தண்ணீர் குடிப்பது அருமை, கபொக் குடம் குடமாகக் குடிக்கும். அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லாத காலத்துச் சுவர் நிலத்து ஈரத்தை மூன்று, நான்கு அடி உயரத்துக்கு இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அது மெல்ல ஆவியாகிப் போனது. நாங்கள் பார்த்த வீட்டில் பிறகு யாரோ ஒரு பாஸ் "பலமா இருக்கட்டும்" என்று சீமெந்து பூசினார். வெளியேற வழி இல்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறியது. அதை மறைக்க நாலடி உயரத்துக்குத் தைல்ஸ். எஞ்சினியர் ஒரு நாணயத்தால் தைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக்... டொப். "இதுக்குப் பின்னால வெறும் வெளி." தைல்ஸுக்கு மேலே பார்த்தேன். பழுப்பு நிறக் கோடு ஒன்று அங்கே புதிதாகத் தொடங்கியிருந்தது.

முற்றத்தைத் தகரத்தால் மூடி ஒரு அறை கூட்டியிருந்தார்கள். காற்று வந்து போன வழியே அதுதான்! இரண்டு கூரைகளுக்கு நடுவே ஓடும் பீலியில் அரசங்கன்று ஒன்று செழித்து நின்றது. கூரையேறிய உதவிப் பையன் அங்கிருந்து புனித லூசியா பேராலயத்தின் கோபுரம் தெரிகிறது என்று மகிழ்ச்சியோடு கத்தினான். அவனை ஏற்றியது பீலியைப் பார்க்க.

எனக்குப் பிடித்த தந்திரம் இனித்தான். நிலத்துக்கு அருகில் இருந்த பிளக் பொயின்டின் மூடியை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எஞ்சினியர் கழற்றினார். களனி கங்கை பெருகினால் எட்டும் பகுதிகளில் அவர் தவறாமல் செய்வது இது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கிய வீடுகளில் சுவரைக் கழுவிப் பெயின்ட் அடித்தார்கள். பிளக் பெட்டிக்குள்ளே யார் கழுவினார்கள்? துருப்பிடித்த ஆணியும் காய்ந்த வண்டலும் அங்கே அப்படியே இருக்கும். இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. தூசியும் செத்த பல்லியும்தான்.

அப்போ எந்த வீட்டை வாங்கலாம், எதை விட்டு ஓடலாம்? பீலி ஒழுகலா, பேரம் பேசி வாங்குங்கள். ஏசிப் பூஞ்சணமா, சிரித்துக்கொண்டே வாங்குங்கள். பத்துச் சதுர அடிக்குக் குறைவென்றால் முகக்கவசமும் கையுறையும் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் நீங்களே துடைத்துக் காயவைக்கலாம். அதன் மேல் நேரே பெயின்ட் அடிக்காதீர்கள். பழைய வீட்டுச் சுவர் ஈரத்துக்கு சீமெந்தைக் கொத்தித் திரும்பச் சுண்ணாம்பு பூச ஆளும் காசும் இருந்தால் வாங்குங்கள்.

ஓட வேண்டியது இன்னொன்றைக் கண்டு. முதலில் பார்த்த வெள்ளவத்தை பிளட்டின் குசினிக் கூரையில், சாப்பாட்டுத் தட்டளவு மஞ்சள் வட்டம். மீட்டர் ஏறியது; உப்புக்கும் அங்கே இடமில்லை. மேல் வீட்டுக் குளியலறைத் துவாரத்தை அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட்டால் உண்மை தெரிந்துவிடும். அதற்கு மேல் வீட்டுக்குள் போக வேண்டுமே? பக்கத்து வீட்டு அன்ரி வெளியே வந்தார். அவரைவிடச் சிறந்த கருவி அந்தப் பைக்குள் இல்லை.

"மேலயோ தம்பி? அவையள் கனடா. ரொறன்ரோவில. பூட்டிக் கிடக்கு."

"திறப்பு ஆரிட்ட அன்ரி?"

"திறப்பும் அங்கதான். முகாமைத்துவக் கூட்டத்தில மூண்டு தரம் சொல்லியாச்சு. வாட்ஸ்அப்பில நீலக் கோடு மட்டும் விழுது."

1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம் இருக்கிறது, கொண்டொமினியம் முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது, இந்த ஒழுகல் முறைப்பாடுகளெல்லாம் அங்கே போகலாம். எஞ்சினியர் அதையெல்லாம் வாங்க வந்தவருக்கு ஒழுங்காக விளக்கிச் சொன்னார். சொல்லிக்கொண்டே பையின் ஸிப்பை இழுத்து மூடிவிட்டார். புரோக்கர் மட்டும் விடவில்லை: "சேர், தெகிவளையில இன்னொரு பிளட் இருக்கு. அதுக்கு மேல மொட்டை மாடிதான், வீடே இல்லை!" மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்றதும் எஞ்சினியர் ரோர்ச்சைத் திரும்ப வெளியே எடுத்தார்.