இருபது நாளாக வராத ஏழு

எங்கள் தெருமுனை டீக்கடைக்குத் தறி ஓட்டும் அண்ணன் ஒருவர் தினமும் மூன்று மணிக்கு வந்துவிடுவார். கையில் நாற்பது பக்க நோட்டு. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்ணைத் தேதி போட்டு எழுதி, வெகுநாளாக வராததைச் சிவப்புப் பேனாவால் சுழிப்பார். "கடைசியில ஏழு வந்து இருபது நாளாச்சு தம்பி. இனி வராம எங்க போகும்?" என்றார் ஒருநாள். இந்த நம்பிக்கையை வைத்துத்தான், அந்தக் கடைசி மூன்று எண்ணின் மேல் பந்தயம் கட்டவைக்கும் மூன்று நம்பர் லாட்டரிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் உண்டு. அவர் வீட்டில் குலுக்கல் சீட்டு போடுகிறார்கள். இருபது பேர், மாதம் ஒரு பெயர். விழுந்த பெயரை மறுபடி டப்பாவில் போடுவதில்லை. முதல் மாதம் இருபதில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, விழாதவருக்கு அடுத்த மாதம் பத்தொன்பதில் ஒன்று, பிறகு பதினெட்டில் ஒன்று. கடைசி மாதம் மிஞ்சியிருப்பவருக்கு உறுதி. முன்னால் நடந்தது பின்னால் நடப்பதை மாற்றுவதால் இது சார்புடைய நிகழ்ச்சி. இங்கே காத்திருந்தால் கிடைக்கும்.

லாட்டரியில் விழுந்த எண்ணை யாரும் எடுத்து வைப்பதில்லை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்ணும் தினமும் மறுபடி குலுக்கலில் இருக்கின்றன. இது சார்பிலா நிகழ்ச்சி. ஒரே எண்ணை ஆயிரம் நாள் விடாமல் கட்டினாலும், ஒருமுறைகூட விழாமல் போவதற்கு நூற்றுக்குச் சுமார் 37 வாய்ப்பு உண்டு. ஆயிரத்து ஒன்றாம் நாளும் ஆயிரத்தில் ஒன்றுதான். சீட்டு டப்பாவை உதாரணம் காட்டி இதைச் சொன்னேன். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், "அப்போ இவ்வளவு எழுதினது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டிக்கெட் 60 ரூபாய், பரிசு 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணையும் ஒருவரே வாங்கினால் 60,000 கொடுத்து 25,000 வாங்குவார்.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. பரிசு விழுந்தும் ஏஜென்ட் கைவிரித்தால் கோர்ட்டுக்குப் போய் வாங்க முடியாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதே பிரிவு உங்களையும் காக்கிறது. பந்தயத்தில் தோற்ற பாக்கி என்று வாசலில் வந்து நிற்பவரும் வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. மிரட்டினால் பயந்து நகையை அடகு வைக்காதீர்கள், 100க்குக் கூப்பிடுங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரப்படுத்துபவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. விட நினைத்தும் விட முடியவில்லையா? 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் கூப்பிடலாம்.