எஞ்சினை இறக்கும் பாடம்
மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுதி. சேர்த்தே வெளியே எடுக்கலாம். தொழிற்கல்வி மாணவர்களிடம் நான் வலியுறுத்துவது வரிசையைத்தான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். எஞ்சின் ஆறிய பிறகே ரேடியேட்டர் நீரையும் கியர் ஆயிலையும் வடிக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும். ஒயர்களைப் பிரிக்கும்போதே எண் சீட்டு ஒட்ட வேண்டும். பின்னர் கியர், கிளட்ச் இணைப்புகள், சைலன்சர் குழாய், ஆக்சில்கள். செயின் பிளாக் பாரத்தைத் தாங்கிய பின்னரே மவுண்டிங் போல்ட்டில் கை வைக்கலாம். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

ஒருமுறை சீட்டு ஒட்டாமல் விட்டோம்; மாட்ட இரண்டு நாளாயிற்று. அன்றுமுதல் மாணவர்களே சீட்டு கேட்கிறார்கள்.