மிதிப்பதா, மடிப்பதா?

சிகாகோ கலைக் கல்லூரியில் 1989இல் மாணவர் ட்ரெட் ஸ்காட் வைத்த படைப்பில் மூன்றே பொருட்கள். சுவரில் ஒரு படத்தொகுப்பு: அமெரிக்கக் கொடியை எரிக்கும் தென்கொரிய மாணவர்கள், கொடி போர்த்திய சவப்பெட்டிகள். அதன் கீழே, கருத்து எழுத ஒரு குறிப்பேடு. அதற்கும் கீழே, தரையில் விரித்த தேசியக் கொடி. எழுத வருபவர் கொடியை மிதித்தும் நிற்கலாம், ஒதுங்கி நின்று எட்டியும் எழுதலாம். மிதிக்கும்படி ஸ்காட் யாரிடமும் சொல்லவில்லை. வம்பே அதில்தான் இருந்தது.

முன்னாள் படைவீரர்கள் திரண்டு வந்து கொடியை எடுத்து மடித்தார்கள்; அது மறுபடி தரைக்கு வந்தது. அதிபர் புஷ் கண்டித்தார். கல்லூரிக்கான மாநில மானியம் 1 டாலராகச் சுருங்கியது. நாடாளுமன்றம் கொடிப் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவந்தது. ஸ்காட்டும் தோழர்களும் நாடாளுமன்றப் படிக்கட்டிலேயே கொடியைக் கொளுத்தினார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்றது. மாணவர் கண்காட்சிக்கு இப்படியொரு பார்வையாளர் கூட்டம் வாய்ப்பது அபூர்வம்!

பார்ப்பவருக்கு வேலை வைக்கும் இந்தத் தந்திரத்தை ஜாஸ்பர் ஜான்ஸ் 1969லேயே செய்திருந்தார். வியட்நாம் போருக்கு எதிரான அவரது சுவரொட்டியில் கொடி பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறங்களில் இருக்கும். நடுவில் உள்ள வெள்ளைப் புள்ளியைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், அசல் நிறங்கள் மிதக்கும்.

டேவிட் ஹாமன்ஸ் எதையும் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. 1990இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி ஒன்றுக்காக, நட்சத்திரங்களையும் பட்டைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்க விடுதலையின் சிவப்பு, கறுப்பு, பச்சையை ஏற்றினார்.

சோனியா கிளார்க்கின் வழி இன்னும் மெதுவானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் கொடியை 2015இல் அவர் இழை இழையாகப் பிரிக்கத் தொடங்கினார். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக அவர் அருகில் நின்று நூலை உருவினார்கள். கத்தரிக்கோல் கிடையாது. எரித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; இங்கோ நேரம் ஓடியும் துணி அதிகம் குறையவில்லை. இனவெறிக்கு எதிரான வேலையின் வேகத்தைக் காட்ட இதைவிட நேர்மையான வழி இல்லை.

1865 ஏப்ரலில் வர்ஜீனியாவின் அப்போமாட்டாக்ஸில் அதே படை சரணடைந்தபோது வெள்ளைக் கொடியாகக் காட்டியது, பாத்திரம் துடைக்கும் ஒரு துணி. அதில் ஒரு பாதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்க்கொடி சட்டைகளிலும் வண்டிகளிலும் இன்றுவரை பறக்கிறது. சரணடையக் காட்டிய கொடியோ பலருக்குத் தெரியாது. கிளார்க் 2019இல் பிலடெல்பியாவில் அந்தத் துணியைப் பன்மடங்கு பெரிதாக உருவாக்கிக் காட்சிக்கு வைத்தார். வந்தவர்களும் உட்கார்ந்து அதை நெய்து பார்க்கத் தறிகள் போடப்பட்டிருந்தன.