கடலின் மேல்தோல்

"வானத்திலிருந்து பார்த்தே கடல் 29 டிகிரி என்கிறார்களே, அது சரிதானா என்று யார் பார்ப்பது?" என்று நாகப்பட்டினத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. மீன் கூடும் இடங்களைச் சொல்லும், இந்தியக் கடல் தகவல் மையமான இன்கோயிஸின் அறிவிப்பும், புயல் வலுக்குமா என்ற கணிப்பும் அந்த எண்ணை நம்பியே இருக்கின்றன.

கடலில் மிதக்கும் மிதவைகளின் அளவோடு ஒப்பிடுவதே வழக்கம். இதில் என்னை விடாமல் ஈர்ப்பது, இரண்டு எண்களும் ஒத்துப்போகாதபோதும் இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பதுதான். அகச்சிவப்புக் கதிரை அளக்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் மேல்தோல் மட்டுமே. அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. நீரோட்டத்தோடு போகும் மிதவையின் வெப்பமானியோ ஏறத்தாழ 20 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. கடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்தபடியே இருப்பதால், அந்தத் தோல் அடிநீரைவிட 0.2 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். காற்றே இல்லாத நண்பகலில் கதை தலைகீழ். கோடையில் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கினால் இடுப்பில் தண்ணீர் சுடும், பாதம் சில்லிடும். கடலிலும் அப்படி மேல்நீர் மட்டும் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடுவதுண்டு. அதனால் சரிபார்ப்புக்கு இரவு அளவீடுகளே அதிகம் உதவுகின்றன.

தோலையே அளக்கவும் கருவி உண்டு. கப்பலின் ஓரத்தில் பொருத்திய கதிர்மானி முதலில் கடலைப் பார்க்கும். பிறகு வானத்தைப் பார்க்கும், ஏனென்றால் கடலிலிருந்து வரும் கதிரில் வானத்தின் பிரதிபலிப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அடுத்து, வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த, தன்னுள்ளேயே இருக்கும் இரண்டு கரும்பொருள்களைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இத்தனை பாடு எதற்கு? 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது, மேல்வளிமண்டலத்தில் பரவிய கந்தகத் துகள்கள் கதிரை மறைத்தன. செயற்கைக்கோள் வெப்பமண்டலக் கடலை ஒரு டிகிரிக்கும் மேல் குளிராகக் காட்டியது. கடலில் இறங்கி அளந்த வெப்பமானிகள்தான் உண்மையைச் சொல்லின.

அந்தச் சாட்சிகளை நாம் நடத்தும் விதம் எனக்கு வேதனை தருகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் நிறுத்தும் மிதவைகள் பலமுறை சேதமாகியிருக்கின்றன. மிதவையின் நிழலில் மீன் கூடுவதால் படகுகள் அதில் கயிறு கட்டுகின்றன, உணரிகள் உடைகின்றன. மீனவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? அவருக்கு வரும் அறிவிப்புக்கும் அந்த மிதவைக்கும் உள்ள தொடர்பை எத்தனை கரையோர ஊர்களில் விளக்கியிருக்கிறோம்? மிதவை ஊமையானால், பழுதுபார்க்கக் கப்பல் போய்ச் சேரும்வரை அந்த இடத்தில் செயற்கைக்கோள் சொல்வதைச் சரிபார்க்க ஆளில்லை.