அளப்பவர் மாறினால் அளவு மாறலாமா?

மேற்கு மாம்பலத்துக் காய்கறிக் கடைத் தராசில் ஒரே பூசணிக்காயை யார் வைத்தாலும், எத்தனை முறை வைத்தாலும் ஒரே எடை வர வேண்டும். அளவையின் இந்த மாறாத தன்மையை உளவியல் ஆய்வில் நம்பகத்தன்மை என்கிறோம். வகுப்பறை மதிப்பீட்டுக்கும் இது தேவை.

1912இல் ஸ்டார்ச், எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளைப் பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் தத்தம் பள்ளி வழக்கப்படி திருத்தினர். நூற்றுக்கு 50 முதல் 97 வரை மதிப்பெண்கள் வந்தன. குறை ஆசிரியர்களின் நேர்மையில் இல்லை. பொது அளவுகோல் இல்லாததே காரணம். நம் பொதுத்தேர்வு முகாம்களில் விடைக்குறிப்பு தருவதும், உதவித் தேர்வாளர் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் சரிபார்ப்பதும் இக்குறையைத் தவிர்க்கவே.

தொடக்க வகுப்பில் இந்த ஏற்பாடு இல்லை. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிக்கிறோம். நிலையைத் தவறாகக் கணித்தால் குழந்தை தெரிந்ததையே திரும்பப் படிக்கும். அல்லது எட்டாத பாடத்தின் முன் வாய்மூடி உட்காரும்.

சரிபார்ப்பது எளிது. 20 குழந்தைகளின் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இரண்டு ஆசிரியர்கள் கலந்து பேசாமல் தனித்தனியே நிலை குறியுங்கள். 15 பேருக்கு ஒரே நிலை வந்தால் உடன்பாடு 75 விழுக்காடு. இதில் தற்செயலாக ஒத்துப்போனவையும் உண்டு. அதை நீக்கிக் கணக்கிட ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த அளவே 'கப்பா'. ஆனால் நமக்குப் பெரிதும் உதவுவது, வேறுபட்ட 5 குழந்தைகளைப் பற்றிய பேச்சுதான். எழுத்துக்கூட்டி வாசித்தால் எந்த நிலை? தவறைத் தானே திருத்திக்கொண்டால் அது பிழையா?

நம்பகத்தன்மையை உயர்த்தச் சில வழிகள்:

• அந்தப் பேச்சில் எடுத்த முடிவுகளை எழுதி வைத்து, அடுத்த முறையும் பின்பற்றுங்கள்.
• ஒரே பத்தியை நம்பாமல், வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று சிறு பத்திகளை வாசிக்கச் சொல்லுங்கள்.
• ரயில் இரைச்சலில் ஒரு குழந்தைக்கும் அமைதியில் மற்றொரு குழந்தைக்கும் சோதனை வேண்டாம்.
• உயர்வகுப்பில் பெயரை மறைத்து, எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்தபின் அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். எப்போதும் 100 கிராம் கூட்டிக் காட்டும் தராசும் மாறாததுதான்; ஆனால் சரியானதன்று. உரக்க வாசிப்பதை மட்டும் அளந்துவிட்டுப் பொருளுணர்வை அளந்ததாகக் கொள்ளக் கூடாது. அதற்குத் தனியே வினா கேட்க வேண்டும்.

அடுத்த வளரறி மதிப்பீட்டில் 5 தாள்களையாவது பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.